ஜாஸ் பேஸுக்குப் புது பிக்கப்: வாங்கும் முன் அளந்துவிடுங்கள்

உங்கள் ஜாஸ் பேஸ் வகைக் கித்தாரில் (இரண்டு பிக்கப் கொண்ட, தாழ்ந்த சுரங்களுக்கான மின்கித்தார்) ஒலி மந்தம், ஒரு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்) ஒலியளவை மட்டும் திறந்தால் இரைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். மந்தத்துக்கு முதலில் புதுக் கம்பிகள் மாட்டிக் கேளுங்கள். பாதிக் குறை அதிலேயே தீரலாம். இரைச்சல் வேறு கதை: இந்த வகைக் கித்தாரில் வழக்கமாக இருக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் எத்தனை விலை கொடுத்தாலும் இரையத்தான் செய்யும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்குகிறதா? அப்படியானால் அவை எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தப் பொருத்தம் கெடலாம், ஜோடியாகவே வாங்குங்கள். தனித்தனியாகவும் அமைதி வேண்டுமென்றால் இரைச்சல் நீக்கும் இரட்டைச் சுருள் வகைதான் சரி.

பிரிட்ஜ் (கித்தாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப் வழக்கமாக மற்றதைவிடச் சற்றே நீளம்; மலிவுக் கித்தார்களில் இரண்டும் ஒரே அளவில் வருவதுண்டு. நான் அளக்காமல் வாங்கிவிட்டு, 2 மில்லிமீட்டருக்காக ஒரு மாலை முழுக்க பிக்கப் உட்காரும் குழியின் மரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன்.