சக்கரத்தை விடுங்கள், முழங்கையைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, எடை 52 கிலோ. 20 கி.மீ. சைக்கிள் டைம் ட்ரையலில் (தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி) மணிக்கு 36 கி.மீ. சராசரி வருகிறது. ரிம் 60 மி.மீ. ஆழமுள்ள கார்பன் சக்கரம் போட்டால் 20 வாட் மிச்சம், மெடல் நிச்சயம் என்று ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைத்து வாங்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அந்த 20 வாட் எந்த வேகத்தில் அளந்தது என்று அவரிடம் கேளுங்கள். இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் 45, 50 கி.மீ. வேகத்தில் நடப்பவை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு வாட் வேண்டும். 50-இல் 20 வாட் மிச்சமென்றால் உங்கள் பையனின் 36-இல் ஏழரை வாட்தான் தேறும்.

காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவர் உடம்பால் வருவது. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள், 24.5 கி.மீ. டைம் ட்ரையல். பிரெஞ்சு வீரர் ஃபின்யோன் இரண்டு சக்கரமும் டிஸ்க் (கம்பியில்லாமல் தட்டுபோல் மூடிய சக்கரம்) போட்டுக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினார். அமெரிக்க வீரர் லெமாண்ட் ஏரோ பாரில் (கைகளை முன்னால் நீட்டிப் படுத்து ஓட்ட ஹேண்டிலில் மாட்டும் கம்பி) முழங்கையை ஊன்றி, ஏரோ ஹெல்மெட்டோடு வந்து 58 விநாடி குறைவாக எடுத்தார். மொத்தத்தில் 8 விநாடியில் டூரையே வென்றார்.

ஆகவே சில ஆயிரம் ரூபாயில் கிளிப்-ஆன் ஏரோ பார் வாங்குங்கள். ஹேண்டில்பார் கார்பன் என்றால், அதில் கிளிப்-ஆன் மாட்டத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்து, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் சாவி) மட்டும் முடுக்குங்கள். கைக்கணக்கில் முடுக்கினால் விரிசல் விடும். முழங்கைகளை உள்ளே கொண்டுவந்து, தலையைத் தோள்களுக்கு நடுவே இறக்கச் சொல்லுங்கள். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்கு அடியிலுள்ள ஸ்பேசரை (உயரம் கூட்டும் வளையம்) வாரம் 5 மி.மீ. வீதம் குறையுங்கள். தொடை வயிற்றை முட்டி, பையன் சீட்டின் நுனிக்கு நகர ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஸ்பேசரைத் திரும்பப் போடுங்கள். ஜெர்சி தோளில் படபடக்கக் கூடாது, நம்பர் தாளின் ஓரமெல்லாம் ஒட்டியிருக்க வேண்டும்.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க, காற்றில்லாத அதிகாலையில் ஒரே சரிவில் மிதிக்காமல் உருளவிட்டு, குறித்த கம்பத்தருகே வேகத்தைக் குறியுங்கள். டயர் காற்று ஒரே அளவில் இருக்கட்டும். பழைய நிலை, புதிய நிலை என்று மாற்றி மாற்றி மும்மூன்று முறை.

ஆழமான சக்கரம் உதவும் இடமும் உண்டு: பின்சக்கரம். பக்கக் காற்று முன்சக்கரத்தைத் தள்ளினால் ஹேண்டில் திரும்பும்; பின்னால் தள்ளினால் அவ்வளவு ஆட்டம் இல்லை. 52 கிலோ பையன் ஏரோ பாரில் படுத்திருக்கும்போது லாரி கடந்தால், 60 மி.மீ. முன்சக்கரம் அவனைத் தூக்கிப்போடும். பயத்தில் ஏரோ பாரை விட்டு எழுந்தால், சேமித்ததெல்லாம் போச்சு. என்றாவது வாங்கினால் பின்னால் மட்டும் ஆழமாக, முன்னால் 35 மி.மீ.க்குள்.

பிரபல பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டிய போலிச் சக்கரங்கள் நிறைய விற்கின்றன. பிரேக் கட்டை ரிம்மையே அழுத்தும் ரிம் பிரேக் சைக்கிளில் அவை சூடேறிப் பிளக்கும், இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். "பில் அப்புறம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உலக சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ.யின் விதிகளும் ஓயாமல் மாறுகின்றன. 2023-இல் ஏரோ பார் நீட்சிக்கு ஓட்டுபவரின் உயரவாரியாகப் புது அளவு வந்தது. அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. போட்டிக் காலையில் அளவுகோலோடு நிற்கும் அதிகாரி சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இது அநியாயம். பாரை வாங்குமுன் அமைப்பாளரிடம் அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.