புதுத் தொட்டியில் மீன் ஏன் ஐந்தாம் நாள் சாகிறது? உப்புவெளி வாசகருக்குப் பதில்

கேள்வி: இரண்டு அடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அன்று பின்னேரமே 12 கப்பி, 4 நியோன் டெட்ரா, 2 கோல்ட்ஃபிஷ், ஒரு டேங்க் கிளீனர் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன்) விட்டோம். அடியில் நிலாவெளிக் கரையில் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல் துண்டுகளும் போட்டோம். நான்காம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கியது. ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்தன. முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் ஸ்பஞ்சைக் குழாயில் நன்றாகக் கழுவி, மறுபடி மீன் வாங்கி விட்டோம். மறுபடியும் அதே கதை. இப்போது 3 கப்பியும் டேங்க் கிளீனரும் மிச்சம். கடையில் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஹீட்டரை மறந்துவிடுங்கள். திருகோணமலையில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியின் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 27 பாகைக்குக் கீழே இறங்காது. உங்களுக்குச் சூடு குறைவு என்பது பிரச்சினையே இல்லை, கூடுவதுதான் பிரச்சினை.

உங்கள் மீன்கள் நோயில் சாகவில்லை, தாங்கள் கழித்த கழிவிலேயே நஞ்சேறிச் செத்தன. மீன் சிறுநீர் கழிப்பதைவிட அதிகமாகச் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய சாப்பாடு அழுகினாலும் வருவது அமோனியாதான். குளத்திலும் ஆற்றிலும் அதை இரண்டு வகை பாக்டீரியா தின்றுவிடும். ஒன்று அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், மற்றது நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பஞ்சிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். புதுத் தொட்டியில் அவை ஒரு குடியாகப் பெருக மூன்று முதல் ஐந்து கிழமை எடுக்கும். நீங்கள் கொடுத்தது ஒரு நாள்கூட இல்லை. அதோடு, முளைக்கத் தொடங்கியிருந்த கொஞ்சத்தையும் குழாயடியில் கழுவி ஊற்றிவிட்டீர்கள். பால்போல் கலங்கியது வேறு வகைப் பாக்டீரியா. மிஞ்சிய சாப்பாட்டைத் தின்று பெருகும் அது தானாகவே சில நாளில் தெளியும். அதற்காக முழுத் தண்ணீரையும் மாற்றுவது, வளரும் பயிரைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பதுபோல.

ஆனால் இதே தவறைச் செய்யும் நுவரெலியாக்காரரின் மீன் ஒருவேளை தப்பிவிடும், உங்களுடையது தப்பாது. காரணம் உங்கள் தண்ணீர். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகத் தொடாத அமோனியம், மற்றது செவுளைச் சுட்டுவிடும் அமோனியா. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) வெப்பமும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7, வெப்பம் 25 பாகை என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8, வெப்பம் 30 பாகை என்றால் நூற்றுக்கு ஏழு பங்கு வரை நஞ்சாகிவிடும். கழிவு அதேதான், நஞ்சு பத்து மடங்கு. கரையோர மணற்கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துள்ள வன்னீர், பிஎச் 8ஐ ஒட்டி நிற்கும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதுவே சாட்சி. அதன் மேல் நீங்கள் சிப்பியையும் முருகைக்கல்லையும் வேறு போட்டிருக்கிறீர்கள். அவை மெல்ல மெல்லக் கரைந்து வன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழுவிய ஆற்றுப் பருமணல் ஒன்றரை அங்குலம் போதும். எந்தக் கல்லாக இருந்தாலும் போடுமுன் காய்ந்த கல்லின் மேல் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ நாலு துளி விட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழ் கிளம்பினால் அந்தக் கல் தொட்டிக்கு ஆகாது. (கரையிலிருந்து முருகைக்கல் எடுத்துவருவது சட்டப்படியும் சரியில்லை.)

மிச்சமிருக்கும் மூன்று கப்பியையும் காப்பாற்ற இன்றே தொடங்க வேண்டியது இது. 24×12×12 அங்குலத் தொட்டியில் மணல் போக நிற்கும் தண்ணீர் சுமார் 45 லீற்றர். இன்றே 15 லீற்றர் தண்ணீரைக் கீழே சொல்வதுபோல் பக்குவப்படுத்த வைத்து, அது தயாரானதும் தொட்டியிலிருந்து அதே அளவை உறிஞ்சி வெளியேற்றி இதை ஊற்றுங்கள். அடுத்த இரண்டு கிழமைக்குத் தினமும் 10 முதல் 15 லீற்றர் இப்படி மாற்றுங்கள். சாப்பாடு ஒன்றுவிட்ட ஒரு நாள், ஒரு சிட்டிகை. கிணற்றுத் தண்ணீர் நாக்கில் உவர்க்காவிட்டால் கல்லுப்பு 45 கிராம், அதாவது லீற்றருக்கு 1 கிராம், ஒரு சாடித் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். நைட்ரைட் மீனின் இரத்தத்துக்குள் போய் அதை ஒட்சிசன் சுமக்க விடாமல் செய்யும். உப்பிலுள்ள குளோரைட்டு அது செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். உப்பு ஆவியாகிப் போகாது. எனவே வெளியேற்றிய அளவுக்கு மட்டும், 15 லீற்றருக்கு 15 கிராம் என்று சேர்க்க வேண்டும். தினமும் 45 கிராம் போட்டால் இரண்டு கிழமையில் மீன் ஊறுகாயாகிவிடும்.

பக்குவப்படுத்துவது எப்படி? கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூடுதல். ஒரு நாள் வாளியில் காற்றுக் குமிழ் விட்டு வைத்த பிறகு ஊற்றுங்கள். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். அதையும் வாய் அகன்ற வாளியில் 24 மணி நேரம் குமிழ் விட்டு வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேற்று. 10 கிராம் பளிங்கை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் வைத்துக்கொண்டால், 10 லீற்றர் வாளிக்கு 1 மில்லிலீற்றர் போதும். மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள் அல்லவா? அப்போது கிணற்றுத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீர்போலவே நடத்துங்கள். வாளியை வெறுமனே திறந்து வைக்காமல் துணி கட்டி மூடுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிட்டுவிடும்.

இனி ஃபில்டர். உங்கள் அளவுத் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பஞ்ச் ஃபில்டரே எங்கள் பரிந்துரை. விலை குறைவு என்பதற்காக அல்ல. கரண்ட் போனால், மூடிய பெட்டிக்குள் இருக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சுமுட்டும். தொட்டிக்குள் திறந்தபடி நிற்கும் ஸ்பஞ்சில் அவை அதைவிட அதிக நேரம் தாங்கும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓரிடத்தில் வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு ஒன்று பூட்டுங்கள். மின்வெட்டு நேரம் தண்ணீர் குழாய் வழியே திரும்பி ஓடிப் பம்பை நனைத்து, நிலத்தையும் நனைத்துவிடும். பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் அடிக்கிறது. அந்த அறையில் நுளம்புத்திரி கொளுத்தவோ நுளம்பு ஸ்பிரே அடிக்கவோ கூடாது. அந்த மருந்துகள் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை.

ஸ்பஞ்சைக் கழுவும் முறை ஒன்றுதான். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீர் வாளிக்குள் அதை மூன்று நான்கு தடவை பிழியுங்கள். தேயிலைச் சாயம்போல மண்ணிறத்தில் கலங்கி வரும். வெள்ளையாகும் வரை கசக்க வேண்டாம், ஸ்பஞ்ச் மண்ணிறமாகவே இருக்கட்டும், அந்த நிறத்தில்தான் உங்கள் பாக்டீரியாக் குடி இருக்கிறது. மணந்து பாருங்கள். நல்ல ஸ்பஞ்சில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் இருக்கும். கூழ்முட்டை மணம் வந்தால் காற்று போதவில்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது, அடிக்கடி பிழிய வேண்டும் என்று பொருள். மற்றபடி மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும். தெரிந்தவர் வீட்டில் ஆறு மாதமாக நோயின்றி ஓடும் தொட்டி இருந்தால், அங்கே இப்படிப் பிழிந்த மண்ணிறத் தண்ணீரைக் கேட்டு வாங்கி உங்கள் ஸ்பஞ்சின் மேல் ஊற்றுங்கள். ஐந்து கிழமைக் காத்திருப்பு பாதியாகக் குறையும். கடையில் போத்தலில் விற்கும் எதையும்விட இது நம்பகமானது.

மீனே இல்லாமல் புதிதாகத் தொட்டி தொடங்குபவர்கள் ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு பச்சை இறாலின் பாதியைப் பழைய காலுறைத் துணியில் கட்டித் தொங்கவிடலாம். அது அழுகித் தரும் அமோனியாவில் பாக்டீரியா வளரும். ஒரு கிழமையில் இறாலை எடுத்துவிட்டு, பிறகு தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போட்டு வாருங்கள். அமோனியா, நைட்ரைட் சோதிக்கும் திரவ டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மீனுக்குச் செலவழித்த காசில் அது வந்திருக்கும். இரண்டும் பூச்சியம் என்று தொடர்ந்து மூன்று நாள் காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம், முதல் தடவை நாலு மட்டும்.

அடுத்து, எந்த மீன்? வன்னீர் ஒரு குறையல்ல, அதற்கேற்ற மீனைத் தேர்ந்தால் அதுவே பலம். கப்பி, மொலி, பிளாட்டி, சுவோர்ட்டெயில் நான்கும் வன்னீரை விரும்புபவை. மொலி உவர் நீரிலும் வாழும். 45 லீற்றருக்குப் பழகிய ஃபில்டரோடு எட்டு முதல் பத்து ஆண் கப்பி அழகாக இருக்கும். பெண்ணும் சேர்த்தால் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்று வையுங்கள், ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை குஞ்சு போடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நியோன் டெட்ரா அமேசனின் மென்னீர் மீன், உங்கள் கிணற்றில் அதற்கு வாழ்வில்லை. கோல்ட்ஃபிஷ் குளிர்நீர் மீன். அது 20 பாகையை ஒட்டிய தண்ணீரில் சுகமாக இருக்கும், வளர்ந்தால் இந்தத் தொட்டியில் உடலைத் திருப்பக்கூட இடமிராது. நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் இரண்டும் இங்கே ஒத்துவரும் என்று நினைத்துவிட வேண்டாம். அவை தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளில் வாழ்பவை. மழைநீர் கலந்த தண்ணீர் இருந்தால் மட்டும் முயலலாம்.

மழைநீரைப் பற்றிச் சொன்னோம் அல்லவா, அது வெயில் காலத்தில்தான் உண்மையில் கைகொடுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், தொட்டி 32 பாகை தாண்டும். 25 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 32 பாகையில் 7.3தான். அதே நேரம் மீனுக்குத் தேவை கூடுகிறது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், தண்ணீர் மேற்பரப்பின் குறுக்கே ஒரு சின்ன மேசை ஃபேன் விடுங்கள். ஆவியாகும்போது 2 முதல் 3 பாகை இறங்கும். கச்சான் உலர்காற்று என்பதால் அந்த நாட்களில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு நாளில் 1 லீற்றருக்கு மேலும் வற்றலாம். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பும் உப்பும் அங்கேயே நிற்கும். வற்றியதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி நிரப்பி வந்தால் மூன்று மாதத்தில் தொட்டி குடிக்க முடியாத கிணறாகிவிடும். மாரி காலத்தில், முதல் சில மழைகள் கூரையைக் கழுவிப் போன பிறகு, மழைநீரைப் பிடித்து மூடிவைத்து, வற்றியதை நிரப்ப மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மீனைப் பார்த்தே பலதும் சொல்லலாம். விடியற்காலையில் மட்டும் எல்லாம் மேலே வந்து வாய் திறந்தால் ஒட்சிசன் குறைவு, குமிழைக் கூட்டுங்கள். தண்ணீர் மாற்றிய சில நிமிடத்தில் துடித்து ஓடினால் குளோரின். நாள் முழுவதும் மேலே நின்று, செவுள் சிவந்து வீங்கியிருந்தால் அமோனியா. செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கையில் சிவப்புக்குப் பதில் கோப்பி நிறம் இருந்தால் நைட்ரைட். மருந்து வாங்குமுன் இவற்றைப் பாருங்கள். மேலே சொன்னவற்றுக்கு முதல் தீர்வு தண்ணீரைச் சரிசெய்வதுதான், கடையில் விற்கும் நீல மருந்து, மஞ்சள் மருந்து அல்ல.

புதிய மீன் வாங்கி வரும்போது, உள்ளூர்க் கடையிலிருந்து அரை மணிப் பயணம் என்றால் பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பைத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் கட்டிய பையில் வந்தால் வேறு முறை. பைக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அமோனியா நிறைந்திருந்தாலும் பெரும்பாலும் நஞ்சு வடிவில் இராது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பிஎச் ஏறும், நஞ்சுப் பங்கு பல மடங்கு கூடிவிடும். எனவே வெப்பம் சமப்படும் வரை கட்டியபடியே மிதக்கவிட்டு, திறந்ததும் தாமதமின்றித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு முறையிலும் பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

கடைசியாக அந்த டேங்க் கிளீனர். அது தொட்டியைச் சுத்தப்படுத்துவதில்லை, பாசியைத் தின்றாலும் நிறையக் கழித்து அழுக்கைக் கூட்டுகிறது. ஓர் அடிக்கு மேல் வளரும். கடையில் திருப்பிக் கொடுங்கள், எடுக்காவிட்டால் பெரிய சீமெந்துத் தொட்டி உள்ள ஒருவருக்குக் கொடுங்கள். பாவம் என்று கந்தளாய்க் குளத்திலோ மகாவலியிலோ வாய்க்காலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு நீர்நிலைகளில் ஏற்கனவே அது பெருகி, மீனவரின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.