மிச்ச ஊசியைப் போடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து, எட்டு லிட்டர் கறக்கும். நாலு நாளுக்கு முன் நடுக்கத்தோடு 105 டிகிரி காய்ச்சல், காலையும் இழுத்தது. மருந்துக் கடையில் சொன்னபடி ஆக்சிடெட்ராசைக்ளின் எல்.ஏ. (உடம்பில் சில நாள் தங்கி வேலை செய்யும் ஆன்டிபயாடிக்) 30 மில்லி தொடையில் போட்டோம். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் ஊசி போட்ட இடம் தேங்காய் மூடி அளவு வீங்கியிருக்கிறது, தீனியும் பாதிதான். பாட்டிலில் மிச்சம் இருக்கிறது. இன்னொரு ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம். நடுக்கம், கால் இழுப்பு, இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும் காய்ச்சல் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் மூன்று நாள் காய்ச்சல்தான். அது வைரஸ், இந்த மருந்துக்கு அதில் வேலையில்லை. இறங்க இருந்த காய்ச்சலுக்குக் கடைக்காரர் பேர் வாங்கிக்கொண்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை மிட்டாய் போல எடுத்துக் கொடுப்பவரிடம் மாட்டுக்கு வைத்தியம் கேட்காதீர்கள். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால், 300 கிலோ மாட்டுக்கு 30 மில்லி சரியான அளவுதான். ஆனால் ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் ஏற்றினால் வீங்கத்தான் செய்யும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இந்தக் காய்ச்சலில் விழுங்குவதற்கே சிரமப்படும், அதனால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

சரி, இந்த நாலு நாள் பால் எங்கே போனது? சொசைட்டிக்கா? காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை. அந்தப் பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் சரியாக உறையாமல் போகலாம். உறை போடும் கிருமியையும் மருந்து விடாது. எத்தனை நாள் பாலை நிறுத்த வேண்டும் என்று லேபிளில் பாருங்கள். மருந்துக் கம்பெனி சோதித்து நாள் கணக்குச் சொல்லாதபோது, பாலுக்கு ஏழு நாளுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கன்றுக்கும் கொடுக்காதீர்கள், அதன் வயிற்றில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். தென்னங்குழியில் ஊற்றுங்கள். ஐம்பது லிட்டர் போகிறதே என்று வயிறு எரியும், தெரியும். உங்கள் ஒரு கேன் சொசைட்டி டேங்கையே கெடுத்துவிடும்.

மிச்ச பாட்டிலைப் பரணில் வைக்க வேண்டாம், டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை ஊசிக்கு முன்பே காது நுனியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி கடித்து வரும் காய்ச்சலா என்று அதில் தெரியும். மருந்து ஏறிய பிறகு தெளிவாகத் தெரியாது. ஈறு வெளுத்தாலோ மூத்திரம் சிவந்தாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள், எல்.ஏ. போட்ட தேதியையும் சொல்லுங்கள்.