வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு வாடகை அறையில் இருக்கிறேன். அரசு வீடு கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 68 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். 1994-ல் என் கணவர் என் பெயரிலேயே ஓர் ஓட்டு வீடு வாங்கினார். அவர் இறந்த பிறகு, 2018-ல், ‘லோன் போட்டு மாடி எடுக்கணும்மா, வீடு என் பேர்ல இருந்தாத்தான் பேங்க்ல குடுப்பாங்க’ என்று மகன் சொன்னான். அப்போது எனக்கு 61 வயது. தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தேன். மாடி வந்தது. மூன்று வருடம் கழித்து இடம் போதவில்லை என்று என்னைப் பக்கத்துத் தெருவில் 2,500 ரூபாய் வாடகைக்கு ஓர் அறையில் கொண்டுபோய் வைத்தான். ஏழு மாதமாக வாடகையும் கொடுப்பதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. வீட்டுக்காரர் தீபாவளிக்குள் காலி பண்ணச் சொல்கிறார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், அவளைத் தொந்தரவு செய்ய மனமில்லை. குறைந்த வாடகையில் அரசாங்கம் வீடு ஏதும் தருகிறதா? முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்குமா? முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட்டேன், ‘மகன் இருக்கானே’ என்று திருப்பிவிட்டார்கள். மகன் மேல் கேஸ் போடவும் மனம் வரவில்லை.

பதில்: அம்மா, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றுக்கும் வருகிறேன். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறதே! இப்போது அதன்மேல் ஒரு மாடியும் இருக்கிறது. முதலில் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 60 வயது நிறைந்தவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகவே சட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. எழுதிக்கொடுத்தபோது உங்களுக்கு 61 என்றீர்களே, அந்த ஒரு வயது பெரிய விஷயம். 59-ல் எழுதியிருந்தால் இந்தப் பிரிவுக்குள் நுழைவதே சிரமமாகியிருக்கும்.

சிக்கல் ‘நிபந்தனை’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் யார் நிபந்தனை எழுதுகிறார்கள்? ‘உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்’ என்று ஆரம்பித்து, ‘இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்’ என்று முடித்துவிடுவார்கள். பெற்ற பிள்ளையிடம் ‘எனக்குச் சோறு போடணும்’ என்று ஷரத்து எழுதச் சொல்ல எந்த அம்மாவுக்கும் வாய் வராது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் 23-வது பிரிவு பொருந்தும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் தப்பித்தார்கள். பிறகு 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரின் நன்மைக்காக வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும், இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அந்த வழக்கில் மகன் தனியாக ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதிக்கொடுத்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதைவிட நெருக்கமானது 2025 மார்ச்சில் வந்த தீர்ப்பு. நாகப்பட்டினத்திலிருந்து போன ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அன்பினால் எழுதிக்கொடுத்தேன் என்பதிலேயே பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று சொன்னது.

ஆகவே கதவு திறந்திருக்கிறது. ஜெயித்தாயிற்று என்று சொல்லமாட்டேன், எதிர்த்தரப்பு 2022 தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரும். அதற்கு உங்கள் கையில் ஒரு நல்ல சாட்சி இருப்பதை நீங்களே கவனிக்கவில்லை. உங்களை அந்த அறையில் வைத்து வாடகை கொடுத்துவந்தது உங்கள் மகன்தானே? எதற்காகக் கொடுத்தார்? பார்த்துக்கொள்வதாக ஒரு பேச்சு இருந்ததால்தான். வீட்டுக்காரருக்கு ஜிபேயில் அனுப்பியிருந்தால் அவர் போனிலேயே தேதி வாரியாக இருக்கும். அதை ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கையில் கொடுத்திருந்தால், இந்த மாதம் வரை வந்தது, இந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். வாடகை பாக்கியில் நிற்கும் மனிதர், சந்தோஷமாகவே எழுதித் தருவார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘அம்மாவைக் கடைசி வரைக்கும் வச்சுப் பார்த்துக்கிறேன்’ என்று அன்று சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் உங்கள் மகன் சொன்னதைக் கேட்டவர் ஒருவர் கிடைத்தாலும் போதும்.

மனு கொடுக்க வேண்டிய இடம் கோர்ட் இல்லை, கும்பகோணம் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம். நம் மாநிலத்தில் ஆர்.டி.ஓ.தான் இந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும். 17-வது பிரிவு, இங்கே வக்கீல் வாதாடக் கூடாது என்றே சொல்கிறது. என் பிழைப்புக்கு இடைஞ்சலான பிரிவுதான், ஆனாலும் நல்ல பிரிவு. மனுவை எழுதிக்கொள்ள உதவி வேண்டுமானால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தாலும் வழிகாட்டுவார்கள். தீர்ப்பாயத்தில் உங்கள் சார்பில் பேச ஆள் வேண்டும் என்றால் மாவட்டச் சமூகநல அலுவலரைக் கேட்கலாம்.

மனுவில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘மகன் கவனிப்பதில்லை, நடவடிக்கை எடுக்கவும்’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அதிகாரி மகனைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லி, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்கச் சொல்லி ஃபைலை மூடிவிடுவார். நீங்கள் தெளிவாகக் கேளுங்கள்: 23-வது பிரிவின்படி செட்டில்மெண்ட் பத்திரத்தை ரத்து செய்து வீட்டை ஒப்படைக்க வேண்டும், மாதாமாதம் பராமரிப்புத் தொகை வேண்டும், விசாரணை முடியும் வரை இடைக்காலத் தொகை வேண்டும், அதுவரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. ஜமாபந்தி, தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் எல்லாம் அதே ஆர்.டி.ஓ. தலையில்தான் என்பதால் வாய்தா போகும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு விடாமல் போய் நில்லுங்கள்.

மனு போடும் முன் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துவிடுங்கள், பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்கிவிடுங்கள். லோன் வாங்கி மாடி எடுத்திருக்கிறார் என்பதால் வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கும். பத்திரம் ரத்தானாலும் வங்கியின் கடன் மாயமாகிவிடாது, மாடிக்கு நான்தான் செலவு செய்தேன் என்று மகன் வாதாடுவதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மருமகள் தன் பங்குக்கு, இது நான் வாழும் வீடு, குடும்ப வன்முறைச் சட்டப்படி என்னை வெளியேற்ற முடியாது என்று வரலாம். அதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தால், என் யோசனை இது. மனுவில் முழு ரத்து கேளுங்கள். சமரசம் பேச அழைத்தால், கீழ்த்தளத்தில் உங்களுக்கு ஆயுட்கால அனுபவ உரிமை (உயிரோடு இருக்கும் வரை குடியிருக்கும் உரிமை), கூடவே மாதத் தொகை என்பதற்கு இறங்கி வரலாம். ஆனால் ‘வீட்டுக்கு வாம்மா, எல்லாம் பேசிக்கலாம்’ என்ற வாய்ப்பேச்சுக்கு மனுவை வாபஸ் வாங்காதீர்கள். அனுபவ உரிமையைப் பதிவுப் பத்திரமாகவும், மாதத் தொகையைத் தீர்ப்பாய உத்தரவாகவும் வாங்கிவிட்டு, அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. பத்திர எழுத்தர் யாராவது, ‘நீங்களே ஒரு ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம், செலவு இவ்வளவு’ என்பார். வேண்டாம். மகன் சம்மதம் இல்லாமல் தானாக எழுதும் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-லேயே சொல்லிவிட்டது. பணம்தான் போகும்.

மகள் விஷயம். சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்திதான். நீங்கள் மகன் மேல் மட்டும் மனு போடலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் மகளையும் சேருங்கள் என்று மகன் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நோட்டீஸ் திருப்பூருக்குப் போய் அவள் அதிர்ச்சியடைவதைவிட, இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். வீட்டில் பங்கு பெறாத பனியன் கம்பெனித் தொழிலாளி மேல் தீர்ப்பாயம் பெரிய சுமை எதையும் ஏற்றாது என்றே நினைக்கிறேன்.

கேஸ் போட மனம் வரவில்லை என்கிறீர்கள். புரிகிறது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று 24-வது பிரிவு இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. நான் சொல்வது போலீஸ் ஸ்டேஷன் வழி இல்லை, உங்கள் இடத்தைக் கேட்கும் மனு.

சரி, மனு முடிவதற்குள் தீபாவளி வந்துவிடுமே. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம், ஆனால் அறையைப் பூட்டவோ தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவோ அவருக்கு உரிமை இல்லை. 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. மனு கொடுத்த ரசீதைக் காட்டி, இடைக்காலத் தொகை வந்ததும் பாக்கியைத் தருகிறேன் என்று பேசிப்பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பென்ஷனை விட்டுவிடாதீர்கள். இப்போது மாதம் 1,200 ரூபாய். வாடகையில் பாதிகூட வராதுதான், இருந்தாலும் மருந்துக்கும் அரிசி பருப்புக்கும் ஆகும். ‘மகன் இருக்கானே’ என்பதற்குப் பதில் அந்த மகன் மேல் நீங்கள் கொடுத்த மனுவின் நகல்தான். அதை இணைத்து இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பியுங்கள். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி தாசில்தார் இருப்பார், அவரை நேரில் பாருங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் தஞ்சாவூரில் திங்கள்கிழமை கலெக்டர் மனுநாள். ரேஷனுக்கு இன்னும் மகன் கார்டில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயரை நீக்கித் தனிக் கார்டுக்கு எழுதிப்போடுங்கள், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு அதுவும் ஓர் ஆதாரமாகும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு அலைய வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் போதும்.

அரசு வீட்டைப் பொறுத்தவரை, கேட்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். கல்யாணமான மகனுக்கு வீடு இருப்பது உங்களுக்குத் தடையில்லை. வீட்டை எழுதிக்கொடுத்ததால்தான் ‘வீடற்றவர்’ ஆகியிருக்கிறீர்கள் என்பது வேடிக்கையான தகுதி. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே பயனாளி பங்குத் தொகை என்று ஒன்று கட்ட வேண்டும், ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டும், கிடைக்கும் இடம் ஊரைவிட்டுத் தள்ளித்தான் இருக்கும். 68 வயதில் தனியாக, தெரிந்த முகம் இல்லாத ஒரு பிளாக்கில் மூன்றாவது மாடி. விண்ணப்பம் போட்டுவையுங்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

முதியோர் இல்லம்: மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி மாநில அரசு அமைக்கலாம் என்று 19-வது பிரிவு சொல்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அரசு மானியத்தில் இலவசமாக நடக்கும் இல்லங்கள் இருக்கின்றன. எதில் இடம் இருக்கிறது, எது பதிவு பெற்றது என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567-லும் சொல்வார்கள், காலை 8 முதல் இரவு 8 வரை. இல்லத்துக்குப் போய்விட்டால் வீட்டின் மேல் உள்ள உரிமை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அங்கே இருந்துகொண்டே மனுவை நடத்தலாம், சொல்லப்போனால் மகனைப் பெற்றவர் இல்லத்தில் இருப்பதே உங்கள் மனுவுக்கு ஆதாரம்.

முதலில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பத்திர நகலுக்கு எழுதிப்போடுங்கள். வந்ததும் சொத்து விவரத்துக்கு முந்தைய பக்கங்களை யாரையாவது வைத்து நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘என் ஜீவிதகாலம் வரை’ என்றோ ‘நான் குடியிருந்துகொண்டு’ என்றோ ஒரு வரி எங்காவது இருந்தால், நான் மேலே எழுதியதில் பாதிச் சண்டை தேவையே படாது. அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள்.