ஏஜென்சிக்காரர் மூன்று நாடு காட்டுகிறார், எதற்குப் போவது?

கேள்வி: எனக்கு 36 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். கணக்கு வேலையில் பத்து வருட அனுபவம் உண்டு. மனைவி ஆசிரியை, மகளுக்கு 8 வயது. தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் மூன்று இடம் சொல்கிறார். சிங்கப்பூரில் கணக்கு வேலை, மாதம் 3,200 டொலர். மலேசியாவில் 4,500 ரிங்கிட், இப்போது விசிட் விசாவில் போய்ப் பிறகு உள்ளே மாற்றிக்கொள்ளலாமாம். தாய்லாந்தில் கணினித் தட்டச்சு வேலை, டிக்கெட்டை கொம்பனியே போடுமாம். முதல் இரண்டுக்கும் 18 லட்சம் கேட்கிறார், தாய்லாந்துக்குக் காசு வேண்டாமாம். குடும்பத்தோடு இருக்க எந்த நாடு நல்லது, ஐயா?

பதில்: தம்பி, எந்த நாடு நல்லது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, எந்தப் பாஸில், அதாவது எந்த வேலை அனுமதியில் போகிறீர்கள், அதற்கு விண்ணப்பிப்பது யார் என்பது. இருபது வருடத்துக்கு மேல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பக்கத்தில் இருந்தவன் நான். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே சம்பளம், ஆனால் கையில் இருக்கும் பாஸ் வேறு என்றால் வாழ்க்கையும் வேறு. ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார், மற்றவர் பொலிஸ் ஜீப்பைக் கண்டால் கடைக்குள் நுழைவார்.

முதலில் சிங்கப்பூர். இது வெறும் கணக்கு, நீங்கள் கணக்காளர், நீங்களே போட்டுப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்று இரண்டு வழி. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் ஆகக் குறைந்த சம்பளம் 5,600 டொலர். அது இளம் வயதினருக்கு. வயது ஏற ஏற அதுவும் ஏறும், 36 வயதில் எட்டாயிரத்தைத் தாண்டிவிடும். எஸ் பாஸுக்கு 2025 செப்டெம்பர் முதல் அடிமட்டமே 3,300, உங்கள் வயதுக்கு நாலாயிரத்துக்கு மேல். மிச்சம் இருப்பது வேர்க் பேர்மிட். இலங்கையர்களுக்கு அது கட்டடம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்குத்தான், கணக்கு எழுதுவதற்கு இல்லை. அப்படியென்றால் 3,200 டொலருக்குக் கணக்கு வேலை என்று ஒரு பாஸே கிடையாது. ஏஜென்சிக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

இன்னொன்று. எஸ் பாஸ் ஒழுங்காகக் கிடைத்தாலும் மனைவி பிள்ளையைக் கூட்டிப்போக நிலையான மாதச் சம்பளம் 6,000 டொலர் வேண்டும். மனைவி டிபென்டன்ட் பாஸில், அதாவது குடும்பத்தினருக்கான பாஸில் வந்தால் அதை வைத்துக்கொண்டே வேலைக்குப் போக முடியாது. 2021 மே முதல் அவருக்கும் தனி வேலைப் பாஸ் தேவை. அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். வீட்டு வாடகையைச் சொல்லவே வேண்டாம், ஒரு அறையே ஆயிரம் டொலரை ஒட்டி வரும்.

இனி மலேசியா. விசிட்டில் போய் உள்ளே மாற்றுவது என்ற இந்த ஒரு வசனத்தால் அழிந்த குடும்பங்களை எண்ண எனக்கு விரல் போதாது. மலேசிய எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது கொம்பனி. அது அங்கே அனுமதிக்கப்பட்ட பிறகு ரெபரன்ஸ் இலக்கத்தோடு உங்களுக்கு விசா வரும். அந்த விசாவோடுதான் இறங்க வேண்டும். விசிட்டில் இறங்கி வேலை செய்தால் முதல் நாளிலிருந்தே நீங்கள் சட்டத்துக்கு வெளியே. அகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு அது, அதனால் அகதி என்று சொல்லிச் சட்டப்படி நிற்கவும் வழியில்லை. பிடிபட்டால் அபராதம், தடுப்பு முகாம், பிறகு நாடுகடத்தல்.

ஒரு பெடியன் ஒருநாள் எங்கள் ஓபிஸ் வாசலில் வந்து நின்றான். வடமராட்சிப் பக்கம். கையில் பொலித்தீன் பை, அதற்குள் ஆறு பாஸ்போர்ட் படங்கள், அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் பொதி, எங்கள் கொம்பனியின் தலைப்பிட்ட ஒரு வேலைக் கடிதம். கையெழுத்தெல்லாம் வடிவாக இருந்தது. ஆனால் அதில் இருந்தது நாங்கள் நாலு வருடத்துக்கு முன்பே விட்டுப்போன பழைய முகவரி. பழைய முகவரியில் விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி எங்களிடம் வந்திருக்கிறான். 'ஐயா, நான் எந்த மேசையில் இருக்கிறது?' என்று கேட்டான். அந்தக் கடிதத்தை விற்றவர் இங்கே ஊரில், பெயர்ப் பலகையை மாற்றி வேறொரு தெருவில் கடை நடத்திக்கொண்டிருந்தார். நம் நாட்டில் பிடிபடுவது எப்போதும் போனவன்தான். அனுப்பினவனைக் கேட்க ஒரு நாதியும் இல்லை. முறைப்பாடு கொடுக்கப் போனால் ஒரு ஜன்னல் மற்ற ஜன்னலைக் காட்டும், மற்ற ஜன்னல் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடியிருக்கும்.

இந்த இடத்தில் ஏஜென்சிக்காரர் உங்களிடம் ஒரு உதாரணம் சொல்வார்: 'இன்னாரின் மகன் சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனான், உள்ளே வைத்தே பாஸ் எடுத்துவிட்டான்.' அது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூருக்கு நாங்கள் விசா இல்லாமல் போகலாம். அங்கே உல்லாசப் பயணியாக நிற்கும்போது ஒரு கொம்பனி உங்களுக்காக எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கோ எஸ் பாஸுக்கோ விண்ணப்பித்து, அது அனுமதிக்கப்பட்டால் திரும்பி வராமலே பாஸ் எடுக்கலாம். இது உண்மை. ஆனால் நாலு விஷயத்தைக் கவனியுங்கள். விண்ணப்பிப்பது கொம்பனி, நீங்களோ கோண்டாவில் ஏஜென்சிக்காரரோ அல்ல. வேர்க் பேர்மிட்டுக்கு இது பொருந்தாது, அதில் அனுமதி வரும்வரை ஆள் வெளியே நிற்க வேண்டும். பாஸ் வழங்கப்படும் வரை ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யக் கூடாது. பாஸ் இல்லாமல் வேலை செய்தால் 20,000 டொலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அதோடு தங்கும் நாள் முடிந்தால் திரும்பிவிட வேண்டும். நாள் கடந்து 90 நாளுக்கு மேல் நின்றால் ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு, நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இன்னாரின் மகன் நல்ல படிப்போடு, எட்டாயிரம் டொலர் தரக்கூடிய கொம்பனியை ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு போனவனாக இருப்பான். அந்தக் கதையைக் காட்டி உங்களை மலேசியாவுக்கு விசிட்டில் அனுப்புவதுதான் வியாபாரம்.

மலேசியச் சம்பளமான 4,500 ரிங்கிட்டைப் பற்றியும் ஒரு சொல். எம்ப்ளாய்மென்ட் பாஸில் சம்பளத்தை வைத்து மூன்று படி இருக்கிறது. அந்த எல்லைகளை அவர்கள் இடைக்கிடை உயர்த்துவார்கள். எந்தப் படி, எத்தனை மாதம், குடும்பம் வரலாமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக நின்றால் வரியாக நேரே 30 வீதம் போகும், அதனால் ஆண்டின் பிற்பாதியில் போகிறவர்கள் முதல் சில மாதச் சம்பளத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைவார்கள். 2025 ஒக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியருக்கும் சேமலாப நிதி உண்டு, நீங்கள் 2 வீதம், கொம்பனி 2 வீதம். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற முதலாளி என்றால் விடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி லாச்சிக்குள் பூட்டி வைப்பதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

இவையெல்லாம் ஒழுங்காக அமைந்தால் மூன்றிலும் மலேசியாவில்தான் எங்கள் ஆட்களுக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. வாடகை தாங்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தோசை கிடைக்கும், ஸ்கொட் ரோட்டில் நம்மவர்கள் கட்டிய கந்தசுவாமி கோவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ரெயில்வேக்கும் கிளாக்கர் வேலைக்கும் போய் மலாயாப் பென்சனோடு திரும்பி வந்த பாட்டன்மார் கதை எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தக் கதையையும் ஏஜென்சிக்காரர்தான் இப்போது விற்கிறார். அன்றைக்கு அவர்களை அழைத்தது அரசாங்கம், உங்களை அழைப்பது வட்ஸ்அப்.

தாய்லாந்து. பாங்கொக்கில் முறையாக வேலை செய்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். வேலை விசா, வேர்க் பேர்மிட், 90 நாளுக்கு ஒருதரம் குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி அறிவித்தல் என்று அலைச்சல் அதிகம், ஆனால் வாழலாம். உங்களுக்குச் சொன்னது அந்த வேலை அல்ல. தட்டச்சு வேலை, காசு வேண்டாம், டிக்கெட் இலவசம் என்றால் விமானம் பாங்கொக்கில் இறங்கும், அங்கிருந்து ஒரு வான் வண்டி எல்லை ஊரான மேசொட் வரை ஓடும், ஆற்றைத் தாண்டினால் மியன்மாரின் மியாவாடி. அங்கே இணைய மோசடி முகாம்களில் அகப்பட்டு மீட்கப்பட்டவர்களில் இலங்கையர்களும் உண்டு. காசு கேட்காத ஏஜென்சிக்காரருக்கு உங்கள் தலைக்கு வேறு யாரோ காசு கொடுக்கிறார்கள்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? ஏஜென்சிக்காரரிடம் மூன்று தாள் கேளுங்கள்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுத்த லைசன்ஸ் (காலாவதித் திகதியையும் பாருங்கள்), கொம்பனியின் வேலை ஒப்பந்தம், கொம்பனி விண்ணப்பித்துப் பெற்ற பாஸ் அனுமதிக் கடிதம். லைசன்ஸ் இலக்கத்தைப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து விசாரியுங்கள். போவது முடிவானால் புறப்படுமுன் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும், விசிட்டில் போகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சில் உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டாம், யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே செய்யலாம். 2025 செப்டெம்பரிலிருந்து பாஸ்போர்ட் அலுவலகமும் அங்கே இருக்கிறது. இவ்வளவு காலம் அதற்காக எங்கள் சனம் வவுனியாவுக்கும் பத்தரமுல்லைக்கும் விடியமுன் பஸ் ஏறியதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

மூன்று தாளும் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள். வந்தால் மலேசியக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், பாஸ் படியையும் சம்பளத்தையும் பார்த்துச் சொல்கிறேன். தாய்லாந்துக் கடிதத்தை அனுப்பத் தேவையில்லை.