சுங்கை சிப்புட்டில் வாடகை வீடு: ஏஜண்ட் கமிஷனை நாம் கட்ட வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மாதம் 700 வெள்ளிக்கு ஒரு தாமான் வீடு பார்த்திருக்கிறோம். ஏஜண்ட் எங்களிடம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கிறார். நியாயமா?

நியாயமில்லை. வாடகைக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்லி அவரை அமர்த்தியது வீட்டுக்காரர், கூலியும் அவர் பொறுப்பு. சொத்து ஏஜண்டுகளைக் கட்டுப்படுத்தும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் 242இன் கீழ் உச்சவரம்பும் உண்டு: மூன்று வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒன்றேகால் மாத வாடகை. வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் வாங்குவது வழக்கம். அதை வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொண்டு உங்களிடமும் கை நீட்டினால் அது இரட்டைக் கமிஷன்.

தோட்டப் பட்டணங்களில் இது ஏன் சகஜம் என்றால், வாடகை குறைவு. கிடைக்கும் 700இல் ஏஜென்சிக்கும் பங்கு போக வேண்டும், வீட்டுக்காரரோ கோலாலம்பூரில் இருப்பார். அதனால் எதிரே நிற்கும் குடித்தனக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரருக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பாதிப் பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

"எனக்கு வீடு தேடிக் கொடுங்கள்" என்று நீங்களே எழுத்தில் அமர்த்தியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது கட்டுவது நீங்கள், வீட்டுக்காரரிடம் அவர் வாங்கக்கூடாது.

நீங்கள் கட்ட வேண்டிய கணக்கு இது. டெப்பாசிட் இரண்டு மாதம் 1,400, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 350, முதல் மாத வாடகை 700. ஆக 2,450. இது சட்டம் வகுத்ததல்ல, வழக்கம்தான், பேசிக் குறைக்கலாம். முத்திரை வரி பெரிய தொகையில்லை: வருட ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி, மிச்சம் இருந்தால் அதற்கும் ஒன்று. 8,400க்கு 34 வெள்ளி, நகலுக்கு 10. "அக்ரிமெண்ட் சார்ஜ்" என்று நூற்றுக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் வீட்டைப் பிடித்துவைக்க முன்கூட்டிக் கொடுக்கும் புக்கிங் பணத்தில்தான். ஏஜண்டின் சிவப்பு அட்டையில் உள்ள ஆர்.இ.என். எண்ணை, அதாவது அவரது பதிவு எண்ணை, ஏஜண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். ஏஜென்சி கணக்கில் மட்டும் போடுங்கள், ஆளின் சொந்தக் கணக்கில் வேண்டாம். "வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் 7 நாளில் முழுத்தொகை திரும்ப, ஒப்புக்கொண்டால் முதல் மாத வாடகையில் கழிவு" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

மளிகைக் கடை அண்ணன், கோயில் கமிட்டி ஆள் வழியாக வீடு கிடைத்தால் காப்பிக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம். பதிவில்லாதவர் கமிஷன் என்று கேட்க உரிமை கிடையாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரையிட்டுவிடுங்கள். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. பின்னாளில் டெப்பாசிட் திரும்பாவிட்டால் 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறு கோரிக்கை போடலாம், படிவம் 198.