கையுறையில் ஒட்டியதை வைத்துச் சொன்ன 'நார்மல்'

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, என்னோடு நியூ ஜெர்சியில் இருக்கிறார். போன மாதம் வருடாந்திர செக்கப்பில் டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, கையுறையில் ஒட்டியதை ஓர் அட்டையில் தடவி, "ரத்தம் இல்லை, நார்மல்" என்றார். பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருந்தது, ஏனென்றால் இந்த ஒரு பழக்கத்தைப் பற்றி இருபது வருடங்களுக்கு முன்பே தெளிவாக எழுதிவிட்டார்கள்.

அந்த அட்டையில் இருப்பது குவாயக் என்ற மரப்பிசின் ஏற்றிய தாள். அதன் மேல் மலத்தைத் தடவி இரண்டு சொட்டு மருந்து விட்டால், ரத்தம் இருந்தால் ஓரத்தில் நீலம் படரும். ஆனால் குடலில் வளரும் கட்டி தினமும் கசியாது, இன்று கசியும், நாலு நாள் சும்மா இருக்கும். அதனால்தான் இந்தப் பரிசோதனைக்கு அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மூன்று தடவை போகும் மலத்திலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் சின்னக் குச்சியால் எடுத்து, மொத்தம் ஆறு தடவல் வைக்கச் சொல்வார்கள். டாக்டர் அறையில் கையுறை விரலில் வந்தது ஒரே ஒரு தடவல்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1999-2000இல் நாடு முழுக்க ஒரு சர்வே எடுத்தது. குடும்ப டாக்டர்கள், குடல் நிபுணர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள், அப்புறம் இன்சூரன்ஸ் தரும் ஹெல்த் பிளான்கள், எல்லோரிடமும் கேட்டார்கள். பரிசோதனை செய்கிறீர்களா என்பதோடு விடாமல் எப்படிச் செய்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். அதில்தான் இது வெளியே வந்தது: மல ரத்தப் பரிசோதனை செய்யும் குடும்ப டாக்டர்களில் சுமார் மூன்றில் ஒருவர் வீட்டு அட்டையே கொடுப்பதில்லை, உங்கள் அம்மாவுக்குச் செய்த மாதிரி அறையிலேயே ஒரு தடவலோடு முடித்துவிடுகிறார். இன்னும் மோசம், ரத்தம் தெரிந்தால்கூட கொலோனோஸ்கோபிக்கு (கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) அனுப்பாமல் அதே மலப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வோம் என்றவர்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம்.

இது 2005இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அதே இதழிலேயே, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வும் வந்தது. எல்லோருக்கும் மலப் பரிசோதனையும் செய்து, கொலோனோஸ்கோபியும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புற்றுநோயோ, அதற்கு முந்தைய பெரிய கட்டியோ இருந்தவர்களில் ஆறு தடவல் பரிசோதனை பிடித்தது 23.9 சதவீதம் பேரை. ஒற்றைத் தடவல் பிடித்தது 4.9 சதவீதம். நோய் உள்ள நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு "நார்மல்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும் பரிசோதனை அது. (ஆறு தடவலும் ஒரே சுற்றில் கால்வாசிதான் பிடிக்கிறது, அதனால்தான் அதை வருடா வருடம் செய்ய வேண்டும் என்கிறார்கள்.)

இப்போது ஃபிட் என்ற புதிய மலப் பரிசோதனை இருக்கிறது, வீட்டிலேயே எடுக்கலாம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது, வருடத்துக்கு ஒரு தடவை. இல்லையென்றால் கொலோனோஸ்கோபி, எல்லாம் சரியாக இருந்தால் பத்து வருடத்துக்கு ஒரு தடவை. டாக்டரிடம் திரும்பப் போய், "இரண்டில் அம்மாவுக்கு எது?" என்று நேராகக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: சர்வேக்காக டாக்டர்களே பூர்த்தி செய்யும் ஃபாரத்தை எப்படி நம்புவது? தப்பு செய்கிறேன் என்று யார் எழுதுவார்கள்?
- ஒரு வாசகர்

பதில்: நியாயமான சந்தேகம். "எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்" என்று கேட்டால் யாருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அந்த எண்ணிக்கைக்கு நோயாளிகளின் கோப்புகளைப் பார்ப்பதே மேல். ஆனால் மேலே சொன்னதைக் கவனியுங்கள், ஒற்றைத் தடவலோடு நிறுத்துகிறேன் என்று எழுதியவர் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, அதனால்தான் மறைக்கவும் இல்லை. டாக்டருக்கு எந்த இடத்தில் விஷயம் தெரியவில்லை என்பதை இப்படி ஒரு சர்வே காட்டுகிற மாதிரி கோப்பு காட்டாது.

எதிர்ப்பக்கத் தப்பும் அதே சர்வேயில் தெரிந்தது. ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் என்ற, பாதிப்பில்லாத சின்னக் குடல் வளர்ச்சி ஒன்றை எடுத்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். தொடர் கொலோனோஸ்கோபி வேண்டும் என்றவர்கள் குடல் நிபுணர்களில் 24 சதவீதம், அறுவை சிகிச்சை நிபுணர்களில் 54 சதவீதம். தேவைப்படாதவருக்குத் திரும்பத் திரும்ப, தேவைப்படுகிறவருக்கு ஒரு தடவைகூட இல்லை. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தருகிறது.

கேள்வி: சர்வேயில் இன்சூரன்ஸ்காரர்களிடம் ஏன் கேட்க வேண்டும்? வைத்தியம் பார்ப்பது டாக்டர்தானே?
- ஒரு வாசகி

பதில்: டாக்டர் எழுதிக்கொடுத்தாலும் பில்லைப் பார்த்துவிட்டு நாம் வீட்டிலேயே இருந்துவிடுவோமே! கூடுதல் ஆபத்து எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்கு, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கொலோனோஸ்கோபி செலவைத் தர ஆரம்பித்ததே 2001 ஜூலையில்தான். அப்புறம் 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் பெரும்பாலான தனியார் பிளான்களிலும் ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதபோதே செய்யும் பரிசோதனை) இலவசமானது. ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது: மலப் பரிசோதனை இலவசம், அதில் ரத்தம் தெரிந்து கொலோனோஸ்கோபிக்குப் போனால் அது "நோய் கண்டறியும் சோதனை" என்று பில் வந்துவிடும். பயந்துபோய் இருக்கிற நேரத்தில் கையில் பில்! 2022-23இல்தான் விதியை மாற்றி அதை அடைத்தார்கள். உங்கள் பிளானுக்குப் போன் செய்து, மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்த பிறகு செய்யும் கொலோனோஸ்கோபியும் இலவசமா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

45 வயதில் தொடங்கச் சொல்லி 2021இல் பரிந்துரை மாறியதும் பலருக்குத் தெரியாது. பிளான் ஒரு நினைவூட்டல் கடிதம் போட்டால் தெரியும். கடிதம் போடுகிறீர்களா என்பதை அவர்களிடம்தானே கேட்க முடியும்?

கேள்வி: என் கிளினிக்குக்கு இப்படி ஒரு சர்வே ஃபாரம் வந்து மேஜையில் கிடக்கிறது. நேரமே இல்லை.
- ஒரு மருத்துவர்

பதில்: இன்று மதியம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள் டாக்டர், ஆபீஸ் ஊழியரிடம் தள்ளிவிடாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதை எழுதாமல், போன வாரம் வந்த நோயாளிக்கு உண்மையில் என்ன செய்தீர்களோ அதை எழுதுங்கள்.